ஏலாது என்று சொல்ல ஏலாதவர்கள்

இங்கிலாந்தின் இந்த டர்பி நகரத்துக்கு வந்து நான் கண்ட அதிசயங்களில் பனியும், நாய்களுக்கென்று கடையில் தனியாக விற்கும் பிஸ்கட்டும் இரண்டாம்பட்சம்தான். முதல் அதிசயம் டோரத்தி அம்மையார். எங்கள் தெருமுனைத் தேவாலய மண்டபத்தில் வியாழன்தோறும் மாலையில் நாடக ஒத்திகை நடக்கும். கூட்டத்தை நடத்துகிற பீட்டர், இந்த வருடமும் உடைகள் தைப்பீர்களா என்று டோரத்தியைக் கேட்டார். "நோ, பீட்டர். ஐ ஆம் டயர்ட். இந்த முறை என்னால் முடியாது" என்றார் அந்த அம்மாள். கையிலிருந்த பின்னலைக்கூட நிறுத்தவில்லை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இனி பீட்டரின் முகம் கறுக்கும், யாராவது எழுந்து போவார்கள், சங்கம் இரண்டாக உடையும் என்று ஆவலோடு காத்திருந்தேன். பீட்டர் "ரைட்டோ" என்றார். பிறகு எல்லோரும் தேநீர் குடித்தார்கள். டோரத்தியும் குடித்தார்!

சிலோனில், எங்கள் ஊர் மாத்தளையில் இது நடந்திருந்தால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருந்திராது. அப்படித்தான் நானும் என் இரண்டு நண்பர்களும் நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் மூன்று பேரும் சேர்ந்து ஒருவரையொருவர் கிட்டத்தட்ட சாகடித்தோம். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடமாகியிருந்த காலம். நான் பள்ளிக்கூட மாஸ்டர். வருடாவருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு நகர மண்டபத்தில் ஒரு நாடகம் போடுவோம். எழுதுவது நான். ராஜா வேஷம் அருளப்பன். யட்டவத்தைக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். மந்திரி வேஷம் சலீம் நானா. மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். ஒத்திகைக்கு இடம் கொடுத்ததும் அவருடைய கிட்டங்கிதான். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் மகாராணி உயிர்விடும் காட்சியில் பிணம் உட்பட எல்லோரும் தும்முவோம். கலைக்கு அப்படி ஒரு வாசனை உண்டென்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் இரண்டு வருடம் ஆசையாகத்தான் செய்தோம், அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் வருடம் எனக்கு அலுத்துவிட்டது. பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, மாலையில் ராஜாக்களைப் பேசவைக்கத் தெம்பில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் ஒருநாள் அருளப்பனிடம், "களைப்பா இருக்கா அருள்?" என்று மெதுவாகத் தொடங்கினேன். அவனோ தோட்டத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கண்ணெல்லாம் சிவந்து நிற்கிறான். "என்னங்க மாஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? நாடகம்னா எனக்கு உசுருங்க!" என்றான். இப்படிப்பட்ட கலைஞனிடம் போய் அலுப்பைச் சொல்வதா? வெட்கப்பட்டுப்போய் அவனுக்காக இன்னும் ஒரு காட்சி சேர்த்து எழுதினேன்.

சலீம் நானாவின் உற்சாகமோ அதற்கும் மேலே. ஆரம்பத்தில் ஒத்திகையின்போது வெறும் ப்ளேன்டீ தருவார். மூன்றாம் வருடம் அது பால் தேநீராயிற்று. அப்புறம் பணிஸ் வந்தது. கடைசியில் அவருடைய மனைவி தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கைப்பட அவித்த வட்டிலப்பமே தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. மனுஷன் நாடகத்துக்காக எப்படி உருகுகிறார் பார் என்று நானும் அருளப்பனும் பேசிக்கொள்வோம். அந்த வட்டிலப்பத்துக்கு நியாயம் செய்ய வேண்டாமா? வாரத்துக்கு இரண்டு நாளாக இருந்த ஒத்திகையை நான்கு நாளாக்கினோம். பலகாரத்தின் அளவை வைத்து மனுஷனின் மனதை அளக்கிற விஞ்ஞானம் எங்கள் ஊருக்கே உரியது.

ஐந்தாம் வருட நாடகத்தில் விஷயம் மேடையேறியது. மந்திரி நாட்டின் குறைகளை ராஜாவிடம் சொல்கிற காட்சி. இருவருடைய ஆர்வத்தையும் மதித்து அதை நான் மிக நீளமாக எழுதியிருந்தேன். சலீம் நானா வறட்சியைச் சொன்னார், பஞ்சத்தைச் சொன்னார், ராஜாவிடமிருந்து பதில் இல்லை. திரை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தால் அருளப்பன் சிம்மாசனத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். குறட்டை பின்வரிசை வரைக்கும் கேட்டது. சபை ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு கைதட்டத் தொடங்கியது. அரசாங்கத்துக்குக் கொடுத்த சாட்டையடி என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசைப் பிரமுகர்கள் கைதட்டுவதா எழுந்து போவதா என்று தெரியாமல் நெளிந்தார்கள். சலீம் நானா பணிவாக அருகே போய், ராஜாவின் செங்கோலை எடுத்து, அதனாலேயே அவர் விலாவில் ஒரு குத்துக் குத்தினார். ராஜா திடுக்கிட்டு எழுந்து, "பஸ் போயிருச்சா?" என்றார். மண்டபம் அதிர்ந்தது. என் வாழ்நாளில் எழுதிய வசனம் எதற்கும் அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை.

திரை விழுந்ததும் அருளப்பன் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். "எனக்கு ஏலாதுங்க மாஸ்டர். ரெண்டு வருஷமாவே ஏலாதுங்க. ஆபீசுலயும் தூங்கி விழுறேன். தொரை ரெண்டு தடவை பாத்துட்டாரு, இனிமே பாத்தா சீட்டுக் கிழிச்சிருவாராம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "இத ஏன்யா இவ்வளவு நாளா சொல்லல?"

"நீங்க ஆசை ஆசையா எழுதிக்கிட்டு வாறீங்களே, எப்படிங்க சொல்றது?"

சலீம் நானா ஒட்டுத்தாடியைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "அப்ப நான் வட்டிலப்பம் வெச்சது ஏனெண்டு நெனச்சீங்க? ஊட்டுல அவவுக்குத் தேங்கா துருவித் துருவிக் கையே ஓஞ்சி போச்சி. வந்தவங்கள எழும்பிப் போங்கண்டு சொல்ல ஏலுமா? மனசுல அப்படி நெனச்சிட்டேனேண்டு வெக்கம். அந்த வெக்கத்துக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு தட்டுக் கூட வெச்சேன்."

நானும் என் பங்கைச் சொன்னேன். மூன்று வருடமாக யாருமே விரும்பாத ஒரு நாடகத்தை, மற்றவன் மனம் நோகக்கூடாதே என்று மூன்று பேரும் இழுத்திருக்கிறோம். பாதி வேஷத்தோடு நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒரு பயமும் இருந்தது. நாடகம் போனால் இவர்களும் போய்விடுவார்களோ என்ற பயம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் நாடகமும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒருநாள் கிட்டங்கியில் கூடினோம். சலீம் நானா வெறும் ப்ளேன்டீதான் தந்தார். அதை ஒரு பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டோம். ஊர்தான் விடவில்லை. நாடகம் இல்லையாம் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு ஆள்மேல் ஆளாக வந்து, பழச்சீப்பை மேசையில் வைத்து, "மாஸ்டர் இல்லாம எப்படிங்க?" என்று கெஞ்சினார்கள். ஏலாது என்று சொல்லிப் பழகியதே அப்போதுதான்.

அந்தப் படிப்பையும் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன், ஆனால் இங்கிலீஷில் அது வாயில் வரவில்லை. வந்த புதிதில் பீட்டர், மேடைக்குப் பின்னால் தொங்கவிடக் காட்டுச் சீலை வரைந்து தர முடியுமா என்று கேட்டார். சிலோன்காரனுக்குக் காடு தெரியாமலா இருக்கும் என்பது அவர் கணக்கு. நான் மாத்தளைக் கடைவீதியில் வளர்ந்தவன். தம்புள்ளைப் பக்கத்துக் காட்டைக்கூட பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். "ஐ வில் ட்ரை" என்றேன். எங்கள் ஊரில் இதற்குமேல் தெளிவாக ஒருவன் மறுக்க முடியாது. பீட்டர் மகிழ்ந்து கைகுலுக்கினார். அன்றிலிருந்து, ஃபாக்டரியில் பகலெல்லாம் நின்ற காலோடு, நாடகத்துக்கு நாடகம் மரங்களாக வரைந்து தள்ளினேன்.

டோரத்தியைப் பார்த்த பிறகுதான் துணிச்சல் வந்தது. போன வாரம் பீட்டரிடம் போய், "ஐ ஆம் டயர்ட், பீட்டர். இம்முறை நான் வரவில்லை" என்றேன். "ரைட்டோ. சொன்னதற்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். எத்தனை நேர்மையான நாடு! எத்தனை சுலபமாக வேலை முடிந்தது!

இன்று வியாழன். மாலையில் குளித்து, நல்ல சட்டை போட்டு, காலில் சப்பாத்தும் மாட்டி, முன்னறையில் வந்து உட்கார்ந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, தட்டில் நான்கு கோப்பை வைத்திருக்கிறேன். என் மனைவி புஷ்பம் எட்டிப் பார்த்து, "யாருங்க வர்றாங்க?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். தெருவில் ஒத்திகைக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். யாராவது ஒருவர் கதவைத் தட்டி, நீ இல்லாமல் எப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், ஏலாது ஏலாது என்று சொல்லிக்கொண்டே அவரோடு கிளம்பிவிடலாம் என்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.