திரையில் ஏற்றிய குத்துவிளக்கு

மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், படங்களை அசையவைக்கும் ஃப்ளாஷ் மென்பொருளைப் பழகிக்கொண்டிருந்தேன். குன்னத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். சென்டரை நடத்திய சார், அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார். முகப்பில் குத்துவிளக்கு எரிய வேண்டும்.

"மண்டபத்து ஓனரம்மாவுக்குப் புடிச்சுதுன்னா உன்னைய வேலைக்கே வச்சுக்கறேன்மா" என்றார். பிடிக்காவிட்டால் படித்த படிப்போடு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அப்போது போன் லைனில் வரும் இணையம்தான். போட்டோ போட்டால் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகும். கோடுகளால் வரைந்தால் கனமும் குறைவு, பெரிதாக்கினாலும் மங்காது. நிமிர்ந்த சுடர் ஒன்று, சாய்ந்த சுடர் ஒன்று வரைந்தேன். இடைப்பட்ட அசைவை ஃப்ளாஷே நிரப்பிவிடும். நிரப்பியது, ஆனால் சுடர் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டது. இரண்டு படத்திலும் நுனிக்கு ஒரு குறி, அடிக்கு ஒரு குறி வைத்தால் நுனி நுனிக்கே போய்ச் சேரும் என்று பல முறை அழித்து வரைந்த பிறகே பிடிபட்டது. அழகுக்காக, தொடக்கத்தில் வெறும் திரியில் பொட்டளவு ஒளி தோன்றி வளர்வதாகவும் செய்தேன். அது வேண்டுமா என்று யோசித்தேன்; எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

அந்த அம்மா பார்க்க வந்த அன்று, வழக்கமாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அத்தை வெங்காயம் பிடுங்கப் போயிருந்ததால் மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். திரையில் சுடர் வளர்ந்தது, அசைந்தது. படம் முடிந்ததும் முதலுக்கே திரும்பி வெறும் திரி தெரிந்தது. மறுபடி வளர்ந்தது.

"லட்சணமாத்தான் இருக்கு. ஏம்மா, ஏத்துன கையோட மலையேறிடுதே?"

அணைகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அத்தனை நாள் பார்த்தும் அது என் கண்ணில் படவேயில்லை.

"அது லூப்புங்க, திரும்பத் திரும்ப ஓடும்" என்றார் சார்.

"ஓடட்டும் சார். பொண்ணு வூட்டுக்காரங்க இதப் பாத்தா வேற மண்டபம் தேடிப் போயிருவாங்க."

"சரி பண்ணிடறேங்க" என்றேன். அதே நேரம் மகள் அழத் தொடங்கினாள்.

"புள்ளைய இப்புடிக் குடு. நீ வெளக்கப் பாரு" என்று அவர் கையை நீட்டினார்.

கடைசிப் படத்திலிருந்து முதலுக்குப் போகாமல், சுடர் முழுதாக வளர்ந்த இடத்துக்குப் போகும்படி ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் படத்தின் எண்ணைத் தப்பாகப் போட்டுவிடுவேனோ என்று இரண்டு முறை மாற்றினேன். பிறகு கடைசிச் சுடரையும் அந்தச் சுடர் போலவே வரைந்தேன், திரும்பும்போது துள்ளக் கூடாதே என்று. ஓடவிட்டேன். திரியில் ஒளி ஒருமுறைதான் ஏறியது. அப்புறம் எரிந்துகொண்டே இருந்தது.

அவர் என் மகளைத் தோளில் போட்டுத் தட்டியபடி திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே போவாதுல்ல?"

"கரண்டு போனாத்தாங்க" என்றார் சார்.

"எங்க மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்கு." பிறகு என்னைக் காட்டி, "மத்த பக்கத்தையும் இந்தப் பொண்ணே செய்யட்டும்" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார் சார். அபசகுனம் என்று எழுந்து போயிருந்தால் அந்த அம்மாவை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் குறையைச் சொல்லிவிட்டு, நான் அதைத் திருத்தும்வரை என் குழந்தையை வைத்திருந்தார். அந்த நன்றியை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளை வாங்கும்போது அவருடைய பட்டுப்புடவைத் தோளில் எச்சில் ஈரத்தைப் பார்த்துப் பதறித் துடைக்கப் போனேன்.

"விடும்மா, காஞ்சுரும்" என்றார்.