ஒரு நூல் குறைந்த கட்டம்

ஜாக்கெட் தைப்பவர்களுக்குக் கால் இஞ்ச் என்பது பேச்சுவாக்கில் வந்து போகிற ஒரு அளவு; துண்டுத் துணிகளைச் சேர்த்து கில்ட் என்கிற போர்வை தைக்கிற எங்களுக்கு அது ஆயுள் தண்டனை. ஒரு மத்தியானம் முழுக்கத் தைத்ததை அடுத்த மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்திருக்கிற சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன், குழந்தை தூங்கின பிறகு, ஒரு காதைத் தூளிப் பக்கம் வைத்துக்கொண்டு.

முடிச்சூரில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் சனிக்கிழமைதோறும் கில்ட் வகுப்பு எடுக்கிறேன். கான்வென்ட்டில் தையல் சிஸ்டரிடம் விரல் முட்டியில் அடி வாங்கிக் கற்ற வித்தை. இந்த முறை எடுத்தது 'மர்ம கில்ட்'. வாரத்துக்கு ஒரு குறிப்புதான் கொடுப்பேன்: இன்ன நிறம், இன்ன வெட்டு, கட்டத்தின் அளவு ஆறரை இஞ்ச். எல்லாக் கட்டங்களையும் கடைசி வாரம் சேர்க்கும்போதுதான் என்ன படம் என்று தெரியும். அதுவரை அது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் தப்பினால், வரிசை முடிவில் முழுசாக ஒரு இஞ்ச் காணாமல் போயிருக்கும். அது எங்கே போனது என்று தேடுவதுதான் என் உத்தியோகம்.

மாணவிகள் மூன்று பேர். பம்மலில் ஜாக்கெட் தைக்கும் விமலா அக்கா, சேலையூரிலிருந்து வரும் பேங்க் ஜெயந்தி மேடம், எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் நர்ஸ் ஸ்டெல்லா. மூவரும் சேர்ந்து தைப்பது ஒரே கில்ட்; முடிந்ததும் பேர் எழுதிக் குலுக்கி ஒருவர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இவர்கள் போக என் மகள் மித்ரா. இன்னும் ஒரு வயது ஆகவில்லை, தவழ்கிறாள். தரையில் கிடப்பது எதுவானாலும் அவளுக்கு அது சாப்பாடு. ஹால் முழுக்கவோ குண்டூசி. அதனால் வகுப்பு ஆரம்பிக்கும்போது ஆளுக்குப் பத்து குண்டூசி எண்ணிக் கொடுப்பேன், முடியும்போது பத்தையும் எண்ணி வாங்காமல் வாசல் கதவைத் திறக்கமாட்டேன். பயந்தாங்கொள்ளி என்று மூவரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சென்டம் வாங்கிய ஸ்கேல்

முதல் வாரம் வெறும் சதுரம் வெட்டுவதுதான் வேலை. ஜெயந்தி மேடம் வெட்டிக்கொண்டு வந்தவை அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அளந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நூல் அதிகம். திரும்ப அளந்தேன், அதே ஒரு நூல். பேங்கில் கணக்குப் பார்க்கிறவர் இப்படித் தப்புவாரா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதில் அளந்தீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தார். பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்குமே, அந்த ரகம். மேடம் ஓரத்திலிருந்தே அளந்திருக்கிறார்.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். ஸ்கேலை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "இதை வெச்சுதாம்மா என் பையன் ஜாமெட்ரி போட்டு மேத்ஸ்ல சென்டம் வாங்கினான். நீ முதல்ல உன் டேப்பை செக் பண்ணு."

உள்ளே விட்ட துணி

செக் பண்ணினேன். டேப் சரியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி அடுத்த வாரம் விமலா அக்காவின் கட்டங்களைக் கையில் வாங்கும் வரைதான். அப்பளம் மாதிரி இருக்க வேண்டிய கட்டம் அடை மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு தையலிலும் உள்ளே அரை இஞ்ச் துணி கூடுதலாக மடிந்து கிடக்கிறது. நம் ஊரில் எந்த டெய்லரும் ஜாக்கெட் பக்கத்தில் துணி விடாமல் தைப்பதில்லையே. உடம்பு வைத்தால் பிரித்துவிட வேண்டுமே. அக்காவின் கை அதே பழக்கத்தில் ஓடியிருக்கிறது. மடிப்பின் தடிமன் துணியை இழுத்துக்கொண்டதில், மேல் பக்கம் அளவு ஒரு நூல் குறைந்துவிட்டது.

"அக்கா, கில்ட்டுக்கு உடம்பு வைக்காது. இன்னைக்கு என்ன சைஸோ அதுதான் சாகிற வரைக்கும்" என்றேன். அக்கா என்னை மேலிருந்து கீழாக, டேப் இல்லாமலேயே, ஒரு அளவு எடுத்தார். "கல்யாணத்துக்கு மிந்தி நீயும் அப்டித்தாம்மா சொல்லிக்கினு இருந்திருப்ப."

கர்சீப்

தைத்த கட்டத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டுமே தவிர, இழுத்துத் தேய்க்கக் கூடாது. இழுத்தால் சதுரம் சாய்ந்து போகும். இதை நான் வாராவாரம் சொல்கிறேன். ஸ்டெல்லாவுக்கு அந்த வாரம் நைட் ட்யூட்டி. தான் தைத்த கட்டங்களை ஒரு கவரில் போட்டுக் கீழே தள்ளுவண்டி இஸ்திரி அண்ணாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை கவரைப் பிரித்தவள் "அனு!" என்று என் பேரைச் சொல்லிப் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த மித்ரா அழுதேவிட்டாள்.

எல்லாக் கட்டமும் நாலாக மடித்து, கத்தி மாதிரி மடிப்பு வைத்து, மூலையில் ஃப்ளாட் நம்பர் போட்டு வந்திருந்தன. பிரித்தால் ஒன்றுகூடச் சதுரமில்லை. எல்லாம் காற்றடித்த பக்கம் சாய்ந்த பட்டம். இரண்டு பேரும் கீழே ஓடினோம். அண்ணா கரியைக் கிளறிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார், பிறகு ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "இந்தச் சின்னச் சின்ன கர்சீப்புக்கா மேடம் இவ்ளோ பேஜாரு? காசே குடுக்க வேணாம் போங்க."

மணவறை

அளவுத் தப்பைவிட எனக்குப் பெரிய தொல்லை, என்ன படம் என்று தெரியாமல் இவர்கள் படுகிற அவஸ்தை. ஜெயந்தி மேடம் அது தாமரைதான் என்று தானே முடிவு செய்து, சாம்பல் நிறம் சொன்ன இடத்தில் ரோஸ் நிறத்தை வைத்துத் தைத்துவிட்டார். பிரித்துத் திரும்பத் தைத்ததில் கட்டம் இன்னும் ஒரு நூல் போச்சு. விமலா அக்காவோ, மாப்பிள்ளை மூஞ்சியைக் காட்டாமலே மணவறையில் குந்த வைத்த மாதிரி இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டார். இவர்கள் வாயை அடைக்க நான் ஒரு தப்புப் பண்ணினேன். "குழந்தைங்களுக்குப் பிடிக்கிற படம்" என்று உளறிவிட்டேன்.

அவ்வளவுதான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குலுக்கலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மித்ராவுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, கில்ட் அவளுக்குத்தான் என்று ஒரே குரலில் தீர்ப்பு ஆகிவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விமலா அக்கா மட்டும் திருப்தியில்லாமல் மித்ராவின் காலை நீட்டிப் பிடித்துச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டே வருசம். உம் பொண்ணு முட்டி வெளிய நீட்டிக்கினு தூங்கும். அப்ப இன்னா பண்ணுவே?"

ஒன்பது

அடுத்த சனிக்கிழமை. வகுப்பின் நடுவில் மித்ராவுக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து, அவளை ஹாலின் குறுக்கே வைத்திருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, வகுப்பை முடித்து, ஊசிகளை எண்ணினேன். ஜெயந்தி மேடம் பத்து. ஸ்டெல்லா பத்து. விமலா அக்கா ஒன்பது. இன்னொரு தரம் எண்ணினேன். ஒன்பது. அக்கா மடியை உதறினார், முந்தானையை உதறினார், பையைக் கவிழ்த்தார். இல்லை. நால்வரும் தரையில் மண்டியிட்டோம். அப்போது பார்த்தேன், எனக்கு முன்னால் இன்னொரு ஆளும் மண்டியிட்டிருக்கிறது. தடுப்பு எப்போது சரிந்ததோ தெரியாது. மித்ரா மிஷினுக்கடியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா பாய்ந்து போய் அவள் வாயில் விரலை விட்டு எடுத்தாள். வந்தது ஒரு நீல நூல். மித்ரா இருமினாள். இன்னொரு தரம் இருமினாள். என் வாய் தன்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்து ஜெபத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. விமலா அக்கா ஆட்டோ பிடிக்க, அப்படியே தன் பையையும் வாரிக்கொண்டு ஓடினார். நான் ஸ்டெல்லாவோடு ஆட்டோவில் உட்கார்ந்து, சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரியில் ஷிஃப்ட்டில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன். பாதி அழுகையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த மனுஷன் கேட்டார்: "நீ முதல்ல குடுக்கும்போது பத்தா எண்ணிதான் குடுத்தியா?"

படத்தில் ஒரு கோடு

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், எதற்கும் ஒரு எக்ஸ்ரே என்றார். எக்ஸ்ரே எடுக்கிற தம்பி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: மெட்டல் எல்லாத்தையும் கழட்டுங்க. கழட்டினேன். ஸ்டெல்லா கையில் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தபோது, அந்தச் சின்ன எலும்புகளுக்குக் கீழே, வயிற்றில் வெள்ளையாக ஒரு கோடு. ஒரு விரல்கணு நீளம். நேராக. இதுவரை எத்தனை கோடு போட்டிருப்பேன், எத்தனை கோடு அளந்திருப்பேன். அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

தம்பி படத்தைப் பார்த்தார். மித்ராவைப் பார்த்தார். நேராக வந்து அவள் கவுனைத் தூக்கினார். இடுப்பில் அரைஞாண் கயிறு; அதில் கண் படக்கூடாதென்று என் மாமியார் கட்டிவிட்ட வெள்ளித் தாயத்து, ஒரு விரல்கணு நீளத்தில். பிறகு ஸ்டெல்லாவின் கையைப் பார்த்தார். அதில் என் தாலிச் செயின், என் வளையல், என் மோதிரம், என் மெட்டி. "பாப்பாவோடத கழட்டச் சொன்னா, மெட்டி வரைக்கும் உங்களோடத கழட்டிக்கினு நிக்கிறீங்களே மேடம்!"

ஒரு நூல்

தாயத்தைக் கழட்டி எடுத்த இரண்டாவது படத்தில் ஒன்றுமில்லை. மித்ராவுக்கு நூலால் வந்த இருமல்தான். ஆனால் சகோதரிகளே, குழந்தைக்குள் ஊசி இல்லை என்றால் அது வீட்டுக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வாரம் முழுக்க மித்ராவைத் தரையில் விடவில்லை. இடுப்பு, தூளி, இடுப்பு. கணவர் பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, அதில் கயிறு கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிப் போவது போல வீடெல்லாம் இழுத்தார். ஹேர்பின் கிடைத்தது, காணாமல் போன ஸ்க்ரூ கிடைத்தது. குண்டூசி கிடைக்கவில்லை. வகுப்பையே மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். இத்தனை வாரம் கொடுத்த குறிப்புக்குப் படத்தைக் காட்ட வேண்டுமே என்றுதான் கடைசியாக ஒரு சனிக்கிழமை அவர்களை வரச் சொன்னேன்.

வரிசை வரிசையாகச் சேர்த்தோம். யானை வந்தது. தும்பிக்கை, காது, கண் எல்லாம். ("தாமரையைத் தும்பிக்கையில பிடிச்சிருக்கலாம்" என்றார் ஜெயந்தி மேடம்.) கால் வரிசையில் வந்து நின்றுவிட்டது. ஒரு கட்டம் ஒரு நூல் குறைவு. விமலா அக்கா கட்டம். திருப்பினால், உள்ளே மறுபடியும் அந்த அரை இஞ்ச் மடிப்பு, அதன் மேல் இன்னொரு தையல்! வாரம் முழுக்கத் தேக்கி வைத்த பயமெல்லாம் கோபமாக வந்தது. தையல் பிரிப்பானை எடுத்து எல்லார் முன்னாலும் பரபரவென்று அந்த மடிப்பைப் பிரித்தேன். டிக் என்று ஒரு சத்தம். தரையில் குண்டூசி. பத்தாவது.

நான் பால் கொடுக்க உள்ளே போன நேரத்தில், அக்கா எனக்குத் தெரியாமல் துணியை உள்ளே மடித்து, மடிப்பு நழுவாமலிருக்க ஊசியைக் குத்தி, அதன் மேலேயே மிஷினை ஓட்டியிருக்கிறார். நாங்கள் ஆஸ்பத்திரியில் தாயத்தைப் பார்த்து நடுங்கிய நேரத்தில், ஊசி அவர் பையில் பத்திரமாகப் பம்மல் போயிருக்கிறது. இது என் கண்ணில் படாமல் போயிருந்தால் அந்த ஊசியின் மேல்தான் என் மகள் ராத்திரி ராத்திரி புரண்டிருப்பாள். "ஏன்க்கா? வேண்டாம்னு சொன்னேனே!" என்று கத்திவிட்டேன். அக்காவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் குனிந்து ஊசியை எடுத்து, என் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்தார். "வளர்ற புள்ளைக்குன்னு சொன்னப்புறம் துணி வுடாம எப்டிம்மா தெப்பேன்? அதுவும் நல்லதாப் போச்சு பாரு, நா துணி வுட்டதால தான ஊசி உள்ளயே அடங்கிக்கினு கீது. இல்லாங்காட்டி கீழ வுழுந்து பாப்பா வாய்க்கில்ல போயிருக்கும்!"

வகுப்பை நான் மூடவில்லை. இப்போது எங்கள் வகுப்பில் எந்தக் கட்டத்தையும் முதலில் பார்ப்பது காந்தம், டேப் அதற்கப்புறம்தான். அதில் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால், யானையின் கால்தானே, பிள்ளை வளர்ந்து சரிக்கட்டிக்கொள்வாள் என்று நானே சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.