கப்பலில் ஏறி இறங்கிய மெற்றில்டா அக்கா

மெற்றில்டா அக்கா இறந்த செய்தி என் கைத்தொலைபேசிக்கு ஒரு படமாக வந்தது. முருங்கன் சந்தியில் மன்னார் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட, முகம் ஒடுங்கிய ஒரு வயதான பெண். கீழே, தோட்டவெளியைச் சேர்ந்த இளைப்பாறிய பாடசாலை வான் சாரதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுதியிருந்தது. யாரோ அறியாதவர் என்று எண்ணித் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். உயிலங்குளம் தாண்டியபிறகு ஏதோ உறுத்த, திரும்ப எடுத்துப் பெயரை வாசித்தேன். மரிய மெற்றில்டா. பக்கத்தில் இருந்தவர், "என்ன, உடம்புக்கு ஏலாதே?" என்று கேட்டார். படத்தை அவருக்குக் காட்டினேன்.

வான் சாரதி என்பது பொய்யில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த வெள்ளை வானில் பள்ளிக்கூடம் போனவர்கள். சைக்கிள்காரர் முந்திப் போவார்கள், மணியடித்த பிறகுதான் வான் வாசலுக்கு வரும், தண்டனை உங்களுக்குத்தான் கிடைக்கும். அந்த மெற்றில்டாவைத்தான் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. இருவரும் ஒருவர்தான் என்பதை என் கண்ணால் கண்டவன் நான். ஆனாலும் அதை இன்னும் சரியாக நம்ப முடியாமல் இருக்கிறேன்.

எழுபதுகளில் மன்னார் கடைத்தெருவில் ஒரு கராஜில் வேலை செய்தேன். தகப்பன் கால் முறிந்து படுத்ததால் மீன் லொறியை மெற்றில்டா அக்கா ஓட்டத் தொடங்கியிருந்த காலம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என்னை நடா என்றுதான் கூப்பிடுவார். லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "கியர் பெட்டி முனகுது. இண்டைக்குப் பாக்காட்டி நாளைக்கு அழும்" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்றியபோது ஒரு பல் பாதி உடைந்திருந்தது.

நாங்கள் இருவரும் பிறகு திருத்தியெடுத்த காரை அவர்தான் கண்டுபிடித்தார். கீரிக் கிராமத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில், கருவாட்டுப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. தலைமன்னார் இறங்குதுறையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, உலக யுத்தத்துக்கு முந்திய பந்தயக் கார். "இதைக் கொண்டு போனியெண்டால் எனக்குப் பெட்டி வைக்க இடம் கிடைக்கும்" என்று தோட்டக்காரர் சந்தோசமாகக் கொடுத்துவிட்டார்.

உப்புக் காற்று அதன் அடித்தகட்டைத் தின்று முடித்திருந்தது. உடம்பைத் தாங்கிய மரச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். பேசாலையில் வள்ளம் கட்டும் தச்சர் ஒருவரைப் பிடித்துச் சட்டம் செய்வித்தோம். அவர் கடைசி வரைக்கும் அதை வாகனம் என்று ஏற்கவில்லை. "பயப்படாதேங்கோ, தண்ணி பூராது" என்று சொல்லித்தான் வேலையை ஒப்படைத்தார். இருக்கைகளுக்குப் பாய்த்துணி தைத்தோம். மீன்பிடி வள்ள இயந்திரத்தின் பிஸ்டன் றிங்குகளை அரத்தால் தேய்த்து இதற்குப் பொருத்தினேன். கொஞ்சநஞ்ச நாளில் முடிந்த வேலையில்லை. லொறி ஓட்டம் இல்லாத நாட்களில் எல்லாம் அக்கா கராஜில்தான் நின்றார். ஊர் என்ன கதைத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை என் மனைவியே கேட்டாள். அக்காவிடம் அதைச் சொன்னபோது, "நாளைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வா. உப்புத்தாள் போட ஆள் காணாது" என்றார். மனைவி வந்தாள். கதவு இரண்டும் அவள் தேய்த்தவை.

அவருக்கு என்ன ஆசை என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. பந்தயம் ஓடுவதைத் தொழிலாகச் செய்ய வேண்டும். "பொழுதுபோக்குக்கு ஓடுறது காசுக்காரரின்ர வேலை. நான் சம்பளத்துக்கு ஓட வேணும்" என்பார். இதை எங்கள் கராஜ் முதலாளியிடமும் சொன்னார், கோயில் சுவாமியாரிடமும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த நாளும் அதையே சொல்வார்.

முதல்முதலாகத் தலைமன்னார் வீதியில் காரை முழு வேகத்தில் விட்ட நாள் நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு வளைவு திரும்ப, நடுவீதியில் கழுதைக் கூட்டம். நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது கழுதைகள் பின்னால் நின்றன. அக்கா பிறேக்கில் கால் வைக்கவேயில்லை, இரண்டு கழுதைகளுக்கு நடுவால் புகுந்து வந்திருந்தார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் அமைதியாக, "கழுதை நிண்ட இடத்திலதான் நிக்கும் நடா. அதுகளை நம்பலாம். மனுசரெண்டால் நான் பிறேக் போட்டிருப்பன்" என்றார்.

பிறகு தெற்கே, பழைய விமான ஓடுபாதை ஒன்றில் நடந்த பந்தயத்துக்குப் போனோம். அந்தக் காரிலேயே மதவாச்சி வழியாக ஓட்டிப் போனோம். பெண்களுக்கென்று தனியாக ஒரு சின்ன ஓட்டம் இருக்கிறது, அதில் ஓடுங்கள் என்றார்கள். அக்கா ஒப்பவில்லை. பழைய கார்களின் பொது ஓட்டத்தில்தான் பெயர் கொடுத்தார். ஒலிபெருக்கியில் அவரைக் கடைசிவரை ஆண் என்றே நினைத்து அறிவித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் மூன்றாவதாக வந்தார். அடுத்த முறை வென்றார். எப்படி வென்றார் என்று வர்ணிக்க எனக்கு வராது. மற்றவர்கள் திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துப் பிறகு கூட்டினார்கள். எங்கள் கார் மட்டும் ஒரே ஸ்வரத்தில் பாடிக்கொண்டு போனது. தலைக்கவசத்தைக் கழற்றியபோது ஒலிபெருக்கிக்காரர் பெயரைத் திரும்பவும் கேட்டு அறிவித்தார்.

அன்று அங்கே வந்திருந்தவர்களில் மதராஸ்காரர் ஒருவரும் இருந்தார். பழைய பந்தயக் கார்களைத் திருத்தி வைத்திருப்பவர். வயதாகிவிட்டதால் தானே ஓட முடியாமல் ஆள் தேடிக்கொண்டிருந்தார். கை கொடுத்து, "எங்க ஊர்ல ஒருத்தனும் இப்படி ஓட்டலம்மா. வர்ற சீசனுக்கு வந்து என் வண்டிங்களை ஓட்டுறீங்களா? மாசச் சம்பளம் தர்றேன்" என்றார்.

சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டபிறகு, அதற்குப் பின்னால் நடந்ததை எப்படி விளங்கிக்கொள்வது?

மதராஸ் போகக் கப்பல் ஏறுவதற்காகத் தலைமன்னாருக்கு அவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். சரியாகச் சொன்னால் அவர்தான் ஓட்டினார், காரைத் திரும்பக் கொண்டுவருவதற்காக நான் கூடப் போனேன். வீட்டு வாசலில் தாய் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பாரைக் கருவாட்டையும் பனங்கட்டியையும் மடியில் திணித்தார். ஒருவரும் அழவில்லை. இறங்குதுறையில் சுங்கச் சோதனை முடிந்து, கப்பலில் ஏறி, மேல்தட்டில் நின்று கையைக் காட்டினார். கப்பல் புறப்படும்வரை நிற்போம் என்று நான் கீழே நின்றேன். ஏணியை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பார்க்கிறேன், பெட்டியோடு அக்கா இறங்கி வருகிறார். அழுதுகொண்டு வந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். முகம் சாதாரணமாக இருந்தது. கொஞ்சம் சிரித்தமாதிரிக்கூட இருந்தது.

"என்னக்கா, ஏதும் மறந்துபோனீங்களோ?"

"ஒண்டும் மறக்கேல்ல. வா, வீட்ட போவம்."

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். அப்படி மெதுவாக அந்தக் கார் ஒருநாளும் போனதில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார், கார் பழுதோ என்று திரும்பிப் பார்த்தார். பேசாலை வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை.

"ஏனக்கா?"

"எனக்குத் தெரியேல்ல நடா. ஏறினன். நல்லாத்தான் இருந்தது. பிறகு இறங்கினன்."

"காரணம் இல்லாமல் ஒரு ஆள் இறங்குமே?"

"இறங்கியிட்டனே" என்றார்.

எனக்குக் கடும் கோபம். என்னிடம் சொல்ல விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை காலம் கூட நின்று உழைத்தவனுக்கு ஒரு காரணம்கூட இல்லையா என்று பல மாதம் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் அதையும் பெரிதுபடுத்தவில்லை. காரைக் கண்டியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஒரு வான் வாங்கினார். கார் போன அன்று அதைப் பார்க்க வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்ததாகத் தங்கை ஸ்ரெல்லா சொன்னார். அன்றிலிருந்து அவர் வேகமாக ஓட்டியதை நான் காணவில்லை.

இனி நான் சொல்லப்போவதை அந்த வானில் இருந்த சிலராவது நினைவில் வைத்திருப்பீர்கள். சண்டை முருங்கன் பக்கம் வந்து, சனம் எல்லாம் அடைக்கலம் தேடி மடு மாதா கோயிலுக்கு ஓடிய நாள். நானும் மனைவியும் பிள்ளைகளும் வீதியில் நின்றோம். எந்த வாகனமும் நிற்கவில்லை. வெள்ளை வான் ஊர்ந்து வந்து நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை, ஆனாலும் ஏற்றினார். பின்னால் ஷெல் விழும் சத்தம். வானுக்குள் எல்லோரும் செபமாலை சொன்னார்கள், சைவக்காரராகிய நாங்களும் சொன்னோம். மற்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து பறந்தன. நான் கத்தினேன்.

"மிதியுங்கோ அக்கா! உங்களால ஏலும். எனக்குத் தெரியும், உங்களால ஏலும்!"

"பிள்ளையள் நிண்டுகொண்டு வருதுகள். மிதிச்சால் அதுகள் விழுந்திடுங்கள்" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் அதே வேகம். கூடவுமில்லை, குறையவுமில்லை.

வந்து சேர்ந்தோம். வேகமாகப் போனவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். அன்று அவர் செய்தது துணிச்சலா, அல்லது அந்தக் கப்பல் தட்டில் அவருக்குள் ஏதோ உடைந்துபோனதன் மிச்சமா? இரண்டில் எதுவென்று நான் பல தடவை தீர்மானித்து, பல தடவை மாற்றியிருக்கிறேன்.

அடக்கத்தன்று தோட்டவெளியில் கோயில் வளவில் கதிரைகள் போட்டிருந்தார்கள். அந்த வானில் பள்ளிக்கூடம் போன ஒருவர், இப்போது தனியார் பஸ் ஓட்டுபவர், அக்காவின் மெதுவைப் பற்றிப் பகிடி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஸ்ரெல்லா வந்து உண்மைதான் என்று சொன்னபிறகு, அந்த பஸ் சாரதி, "அப்ப அதுதான்! கண் தூரத்துக்குத் தெரியேல்ல, அதால பெரிய ஓட்டம் ஒண்டை விட்டனான் எண்டு எனக்கு ஒருக்காச் சொன்னவ" என்றார். நான் அறிந்த அக்காவுக்கு அந்த நாட்களில் பருந்துக் கண். கோயில் மூப்பர் குறுக்கிட்டார். "கண்ணுமில்லை, ஒண்டுமில்லை. ஒருக்கா வெண்டால் பிறகு ஓடுறதில்லையெண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி. எனக்கு அவவே சொன்னது." பந்தயத்துக்கு முன் கும்பிடச் சொன்னால், மாதாவுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொன்னவர் அக்கா.

ஸ்ரெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணை, அவையள் சொல்லுறது பிழை. அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்ல எண்டு அக்கா எனக்குச் சொன்னவ." நான் தயங்கினேன். அந்தத் தாய் நல்ல சுகத்தோடு, மகளை வழியனுப்பக் கருவாடு கட்டிக் கொடுத்தவர். அது ஸ்ரெல்லாவுக்கும் தெரியும்.

"உங்களுக்கு என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

"தெரியேல்ல எண்டு சொன்னவ."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை. தனக்கே தெரியேல்ல எண்டு."

ஸ்ரெல்லா விம்மத் தொடங்கினார். "கூடப் பிறந்தனான். எனக்கும் அப்பிடிச் சொல்லியிருக்கலாம்தானே. நான் என்ன, விளங்காத ஆளோ?"

நான் அவ்வளவு காலமும் எனக்கு மட்டும்தான் ஒரு காரணமும் தரப்படவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்பவர் எதை நம்புவாரோ அதை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும் ஒன்றுமில்லாத கையை விரித்துக் காட்டினாரா? அல்லது எனக்குச் சொன்னதும் நான் நம்பக்கூடிய இன்னொரு காரணம்தானா? அக்கா இருந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேன். கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை.

உங்களில் யாருக்காவது அவர் வேறு காரணம் சொல்லியிருந்தால் அதையும் வைத்திருங்கள். என்னைத் திருத்துவதற்காக வரவேண்டாம். என்னிடம் இருப்பவர்கள் இருவர். ஓடுபாதையில் காற்றைப் போலப் போன ஒருத்தி. செபமாலைக்கும் ஷெல்லுக்கும் நடுவில், நின்றுகொண்டு வந்த பிள்ளைகள் விழாமல் ஓட்டிய ஒருத்தி. இருவர் ஓட்டிய வண்டியிலும் நான் இருந்திருக்கிறேன். இருவரிடமும் பயந்திருக்கிறேன். இருவரும் என்னை உயிரோடு கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒருவரை மற்றவரோடு பொருத்துகிற வேலையை இனி நான் செய்யப்போவதில்லை.