மாவட்டம் பிரிந்த வருஷம்

எனக்குக் கல்யாணமானபோது என் கணவருக்கு வேலூர் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. நான் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டாலும் குடும்பம் நடக்காது. அதனால் அவர் வேலூரில் சக ஊழியர்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவார். திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். "இந்த வருஷம் எப்படியும் மாத்தல் வந்துடும்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். ஒருமுறை வந்தது, செய்யாறுக்கு. அங்கிருந்து வாரம் ஒருமுறை வருவதுகூடக் கஷ்டம். கெஞ்சிக் கூத்தாடி அதை ரத்து செய்யவைத்தார்.

வட ஆற்காடு மாவட்டம் அப்போது அவ்வளவு பெரியது. வகுப்பில் வரைபடத்தை மாட்டினால் பாலாறு மேலே ஓடும். எங்கள் ஊரும் மலையும் கீழ்க்கோடியில், தென்பெண்ணைக்குப் பக்கத்தில் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நிலத் தகராறு, அப்பீல், பெரிய வியாதி, எதுவானாலும் போளூர், கண்ணமங்கலம் தாண்டி வேலூருக்குத்தான் போகவேண்டும். காலையில் போனால் வேலை முடியாமல் இருட்டித்தான் திரும்புவார்கள்.

கல்யாணமான மறுவருஷம் எங்கள் மாடி அறைக்கு ஒரு ஜெர்மன் நாட்டு அம்மாள் குடிவந்தார். நாற்பது வயதிருக்கும். மலையைப் பார்க்க வந்து ஆசிரமத்தில் சில மாதம் இருந்தவர், கூட்டம் ஒத்துக்கொள்ளாமல் தனி அறை தேடிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் வெள்ளக்காரம்மா. எனக்கு அக்கா. அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார். கடைத்தெருவிலும் குழாயடியிலும் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, தண்ணி கம்மி" என்று எங்களைப் போலவே சொல்வார்.

வார நாட்களில் நானும் அவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அப்போதுதான் அவருடைய மாவட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியின் வடக்கே, தட்டையான பூமி. கறுப்பான சதுப்பு மண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பார்களாம். கம்பு மாதிரி ஒரு தானியமும் உருளைக்கிழங்கும் விளையும். ஊர்களைவிட மாட்டுப் பட்டிகள் அதிகம். ஆறு கடல்பக்கமாகப் போவதால் வெள்ளம் வரும். கரை கட்டிக் காப்பாற்றுவதுதான் மாவட்ட நிர்வாகத்துக்கே பெரிய வேலை. விவசாயிகள் உட்காரும் ஒரு சபை இருந்தது. அந்தச் சபை முடிவு செய்வதையெல்லாம் அக்கா மாவட்ட ஆபீசில் டைப் அடிப்பார்.

ஒருநாள் எட்டாம் வகுப்புக்கு அவரைக் கூட்டிப்போனேன். கரும்பலகையில் ஆற்றை வரைந்தார், கரையை வரைந்தார், நடுவில் தன் ஆபீஸ் இருந்த சின்ன ஊரைப் புள்ளி வைத்தார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மலை எங்க இருக்கு மேடம்?"

"மலை இல்ல. அங்க ரொம்ப உயரம் ஆத்துக் கரைதான். மாடு அது மேல ஏறி நிக்கும்."

"அப்ப பௌர்ணமிக்கு எதைச் சுத்துவீங்க?"

வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் இங்க வந்தேன்" என்றார்.

அந்த மாவட்டம் இப்போது இல்லை என்பதை அன்றைக்கு அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னார். சின்ன மாவட்டங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினால் நிர்வாகம் சுலபமாகும் என்று அரசாங்கம் முடிவு செய்து, அக்காவின் மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு இணைத்துவிட்டது. ஆபீஸை மூடினார்கள். கோர்ட்டும் போயிற்று. எதிரே இருந்த ரொட்டிக் கடையும் வியாபாரம் இல்லாமல் மூடியது. அந்த நாட்டில் வண்டியின் நம்பர் பலகையிலேயே மாவட்டத்தின் எழுத்து இருக்குமாம். ஊர்க்காரர்கள் பழைய பலகையைக் கழற்ற மறுத்து, வண்டி துருப்பிடித்து நிற்கும்வரை அதோடேயே ஓட்டினார்களாம். அதே வருஷம் அக்காவின் அம்மாவும் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவுக்கு அங்கே இருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

அதுவும் அவர் பிறந்த இடம் இல்லை. பிறந்தது இன்னும் கிழக்கே. பத்து வயதில், யுத்தம் முடியப்போகும் குளிர்காலத்தில், அம்மாவும் அவரும் தங்கையும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே ஊரை விட்டு வந்தார்கள். வழியில் தங்கைக்குக் காய்ச்சல். ஒரு சித்தி வீட்டில் அவளை விட்டுவிட்டு, இடம் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அதற்குள் நாட்டை இரண்டாக்கிவிட்டார்கள். தங்கை அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். வளர்ந்தபின் தங்கை கட்டிக்கொண்டவர் அந்தப் பக்கத்து அரசாங்கத்தில் பொறுப்பான வேலையில் இருந்தார். மேற்கிலிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரக் கூடாது என்று கட்டுப்பாடு. பிறந்த மாவட்டமோ இப்போது வேறு தேசத்தில் இருக்கிறது.

"பயிர் இல்லாத வயல்ல நடந்து வந்தோம் டீச்சர். தங்கச்சி ஷூவ நான் போட்டுட்டு வந்துட்டேன். அவளுக்குக் காய்ச்சல்தானே, நடக்க வேண்டாம்னு" என்றார்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அக்காதான் பார்த்துக்கொள்வார். மாடிப்படியில் உட்கார்ந்து தன் பாஷையில் பாடிக்கொண்டே சோறு ஊட்டுவார். ஒன்றரை வயதில் குழந்தைக்கு ஜுரம் வந்து வலிப்பு கண்டது. அன்று காலை பக்கத்து மருந்துக்கடையிலிருந்து என் கணவருடைய ஆபீசுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னோம். பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிருக்க வேணாம்மா, வேலூருக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். மறுபடி போன் போட்டபோது, அவர் பஸ் ஏறப் போய்விட்டார் என்றார்கள்.

அக்கா ஓடிப்போய் ஒரு அம்பாசடர் காரைப் பிடித்து வந்தார். பின்சீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான். முன்சீட்டில் அக்கா. அதே சாலையில் எதிரே அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, வந்த வழியே மறுபடி பஸ் ஏறி அவர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு, முகத்து மேலிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார்.

காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அக்கா தன் பாயைக் கீழே கொண்டுவந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். எனக்குச் சமைக்கக் கை வராத நாட்களில் உருளைக்கிழங்கு வேகவைத்து உப்புப் போட்டுக் கொடுத்தார். அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை போவார். அந்த ஒன்றரை நாளில் துவைக்க வேண்டிய துணி, அடைக்க வேண்டிய ஓட்டை, போய்வர வேண்டிய கல்யாணம் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். குழந்தையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேச ஆரம்பித்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். திருவண்ணாமலை தனி மாவட்டம், இனி கலெக்டர் இங்கேயே இருப்பார் என்று செய்தி வந்த அன்று தேரடித் தெருவில் சரவெடி வெடித்தார்கள். டீக்கடைக்காரர் போவோர் வருவோருக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். நானும் அக்காவும் காய்கறி வாங்கப் போனவர்கள் கூட்டத்தில் நின்றுவிட்டோம்.

"மாவட்டத்த மூடறத நான் பாத்திருக்கேன் டீச்சர். பொறக்கறத இப்பதான் பாக்கறேன்" என்றார் அக்கா. கையிலிருந்த கல்கண்டை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

வேலூர் ஆபீசில் யார் எந்த மாவட்டத்துக்கு என்று கேட்டார்கள். என் கணவர் எங்கள் ஊரை எழுதிக்கொடுத்தார். கட்டுக்கட்டாகப் பழைய ஃபைல்களை லாரியில் ஏற்றி அனுப்பியபோது அவரையும் காவலுக்கு அதிலேயே அனுப்பினார்கள். "மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாத்தையும் பங்கு போட்டாங்க. பாகப்பிரிவினை மாதிரியே சண்டை" என்று வந்து சொன்னார். தலையெல்லாம் தூசி. இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு ஸ்டவ்வும் அவருடைய வேலூர் வாழ்க்கை முழுவதும்.

அவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் எங்களுக்குச் சேர்ந்து இருக்கத் தெரியவில்லை என்பது புரிந்தது. உப்பு ஜாடி எங்கே என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் தயங்குவார். சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவி, வேலூர் அறையில் வைப்பதுபோல ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது எனக்கு விருந்தாளி வந்தது போலிருக்கும். திங்கட்கிழமை விடியலில் எழுந்து குளித்துவிட்டு, போக இடமில்லாமல் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். அக்காவோடு மட்டும் நன்றாகப் பேசுவார். வேங்கிக்கால் பக்கம் புது ஆபீஸ் வரப்போகிறது, மானாவாரிக் கொல்லையில் முளைக்குச்சி அடித்துவிட்டார்கள் என்று அவருக்குத்தான் முதலில் சொல்வார்.

கார்த்திகை தீபத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், பெர்லினில் சுவரை உடைக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. நான் படித்துச் சொன்னேன். அக்கா பேப்பரை வாங்கிப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் அக்காவின் பழைய பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து தந்தி வந்தது. தங்கை எல்லை தாண்டி, அக்காவின் பழைய ஊருக்கே தேடி வந்து, அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று. அவள் கணவர் முன்பே இறந்துவிட்டாராம்.

தபால் ஆபீசில் டிரங்கால் புக் செய்துவிட்டு நாங்கள் மூவரும் பெஞ்சில் காத்திருந்தோம். லைன் கிடைத்ததும் அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கையின் பேராக இருக்கும். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். லைன் அறுந்துபோன பிறகும் ரிசீவரை வைக்கவில்லை. என் கணவர் மெதுவாக வாங்கி வைத்தார்.

"என்ன சொன்னாங்க அக்கா?"

"காதுல ஒண்ணும் ஏறல டீச்சர். அவ கொரலு எங்க அம்மா கொரலா இருக்குது."

அந்த மாதமே கிளம்பிவிட்டார். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புடவைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் தங்கைக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டார். விடியற்காலை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். படியில் நின்று என் கணவரின் கையைப் பிடித்து, "டீச்சர் கிட்ட பேசுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் ஜன்னல் ஓரமாதான் உட்காந்துட்டிருந்தேன்."

எந்த அன்றைக்கு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. தண்ணீரை வடிக்காமல் அப்படியே நின்றேன்.

"கண்ணமங்கலம் தாண்டி ஒரு கார் எதிர்ல போச்சு. முன்சீட்டுல வெள்ளையா ஒரு தலை தெரிஞ்சது. அவங்களா இருக்குமோனு ஒரு நிமிஷம் தோணிச்சு. எழுந்து நின்னேன். பஸ்ஸ நிறுத்தச் சொல்லலாமானு பாத்தேன். இருக்காதுனு உட்காந்துட்டேன். நிறுத்தியிருந்தா உசிரோட பாத்திருப்பேன்."

இத்தனை வருஷமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த இடத்தைத் தாண்டித்தானே வந்து போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்தார்.

"போளூர் தாண்டினதும் கண்ண முழிச்சா" என்றேன். "தண்ணி கேட்டா. அக்கா குடுத்தாங்க, குடிச்சா. வெளிய மாடு மேஞ்சுட்டிருந்தது. பாத்துட்டு 'ம்மா'னு கையக் காட்டினா. அழவே இல்லீங்க."

"நெஜமாவா? கையக் காட்டினாளா?"

"ஆமாங்க. ரெண்டு தடவை."

அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை. நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, காரில் என்னவெல்லாம் நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். இடையிடையே நிறுத்திக் கேட்டார்: எந்தச் சட்டை போட்டிருந்தாள், வெயில் மேலே பட்டதா, என்னைத் தேடினாளா. தெரிந்ததைச் சொன்னேன். தேடினாளா என்பது எனக்கும் தெரியாது, அதையும் சொன்னேன்.

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. அரிசி ஊறி உப்பிக் கிடந்தது. அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு இருவரும் வேலைக்குப் போகவில்லை.