கறுப்புக்கு எதிரே ஒரு நீலம்

என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு ஹட்டனுக்குச் சித்திர ஆசிரியராக வந்தவர். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, 1960களின் தொடக்கத்தில், அவர் மலையும் மரமும் வரைவதை விட்டுவிட்டார். தேயிலைப் பெட்டிப் பலகைகளில் வெறும் கட்டங்களும் கோடுகளும்தான். படங்களைப் பார்க்க வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையின் வலது மேல்மூலை முழுக்கப் பெரிய கறுப்பு. அதன் கீழே உட்கார எனக்குப் பயம்.

“தலை மேல விழுந்துரும் போல இருக்குங்க” என்றேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். தூரிகையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னும் விழேல்லைத்தானே. ஏன் விழேல்லை எண்டு பாரும்.”

அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கீழே விரலகலத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதை உள்ளங்கையால் மறைத்தால் கறுப்பு சரிந்தது. கையை எடுத்தால் நின்றது.

“இந்தச் சின்னக் கோடுதாங்க அதைத் தாங்குது.”

“தாங்கேல்லை, எதிர்ப்பக்கம் இழுக்குது” என்று சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்.

அடுத்த வருடம் பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்தது. பாதியில் நின்ற படத்திலும் ஒரு கறுப்பு, எதிரே ஒன்றுமில்லை. பழைய அப்பியாசக் கொப்பியின் நீல அட்டையை வெட்டி அவர் சொன்ன இடத்தில் ஒட்டிப் பார்த்தேன்.

“அங்க வெச்சா கறுப்புதாங்க ஜெயிக்குது. இன்னும் கீழ வேணும்.”

“வேண்டாம்.”

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு ஊட்டினேன், அவர் வாயைத் திறந்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் முகம் துடைத்துவிடும்போது சொன்னார்:

“உம்மடை இடத்திலை வையும்.”

“என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்களா?”

“இல்லை. ரெண்டு நாளாப் பாத்தனான். நீர் சொன்னதுதான் சரி.”

அட்டையை உரித்துவிட்டு, நான் சொன்ன இடத்தில் நீலம் பூச உட்கார்ந்தேன். நான் அதுவரை தூரிகை பிடித்ததில்லை. அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தூரிகையை இழுத்தேன். நீலத்தின் ஓரம் பிசிறடித்தது. துணியை எடுத்தேன்.

“துடையாதையும்” என்றார்.

அதன்பின் எட்டு மாதம் இருந்தார். வேறு படம் போடவில்லை. பகலெல்லாம் அந்தப் படத்துக்கு எதிரே கட்டிலைப் போட்டு, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.