மெதுவாக மட்டும் அழுத்திப் பார்த்த கால்தாங்கி

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வேலையைப் பொய் சொல்லிப் பறித்தேன். அவள் செய்த சோதனை சரி என்று எனக்குத் தெரியும்.

கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். உலோகவியல் படித்தவன். மோட்டார் சைக்கிளில் கால் வைக்கும் தாங்கியை அங்கே மக்னீசிய உலோகக் கலவையில் வார்த்தோம், எடை குறைவு. சோதனை இயந்திரம் அதை மெதுவாக அழுத்தும். தாங்கி நன்றாக வளைந்த பிறகே விரிசல் விடும். வாங்குபவரின் படிவத்தில் அந்த ஒரு சோதனைக்குத்தான் கட்டம் இருந்தது.

அவள் லூனாஸிலிருந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டாரில் வருபவள். ஒரு நாள் தானாகவே ஓர் எடைக்கல்லை உயரத்திலிருந்து தாங்கியின் மேல் விழவிட்டாள். தாங்கி வளையவே இல்லை, பட்டென்று இரண்டாயிற்று. மூன்றைச் சோதித்தாள், மூன்றும் அப்படியே. சில கலவைகளுக்கு, அடி வேகமாக விழுந்தால் வளைந்துகொடுக்க நேரம் இருக்காது. கல்லூரியிலேயே நான் படித்த விஷயம் இது.

"படிவத்துல இல்லாததை ஏன் செஞ்ச?" என்றேன்.

"குழியில இறங்குறப்போ வண்டி படிவத்தைப் பார்த்தா சார் இறங்கும்? மெதுவா இறங்கச் சொல்லி நீங்களே அதுக்கு ஒரு லெட்டர் போடுங்களேன் லா."

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தாங்கிகள் உடைந்ததைப் பற்றி மேலாளர் கேட்டபோது, கல்லைக் கோணலாக விட்டிருக்கிறாள், சோதனையே தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தாங்கிகள் விற்பனைக்குப் போயின. சாலையில் எத்தனை உடைந்தன என்று நான் விசாரிக்கவே இல்லை. அதற்கா அவ்வளவு படித்தேன்?

ஓய்வு பெற்ற பிறகு பாதிரியாரிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மன்னிப்பு கிடைத்தது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே எரிச்சலாக இருந்தது. நடந்ததை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்தப் பொருளை இப்போது செய்வதில்லை, கோப்பை மூடியாயிற்று என்று இரண்டு வரியில் பதில் போட்டார்கள்.

போன மாதம் நான் எழுதிய கடிதத்தின் நகலோடு அவள் வீட்டுக்குப் போனேன். வேறொரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். சீருடையோடு வாசலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

"என்ன சார், சாகுறதுக்குள்ள லிஸ்ட் போட்டு வீடு வீடா வர்றீங்களா?"

நின்றபடியே படித்தாள். "என்கிட்ட கொடுத்துட்டா ஆச்சா? இப்ப இருக்கிற இடத்துலயும் லேப் வேலைக்கு எப்ப கேட்டாலும் பழைய கம்பெனியில விசாரிச்சுட்டு, தப்பா டெஸ்ட் பண்றவன்னு சொல்லிடுறாங்க. என் சூப்பர்வைசர்கிட்ட வந்து வாயால சொல்லுங்க."

மறுநாள் போய், அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த சூப்பர்வைசர் கைபேசியைப் பார்த்தபடி கேட்டான்.

"பழைய கதை அங்கிள், விடுங்க. லேப்ல இப்ப ஆள் வேணாம்."

அவள் பெட்டி கட்டும் மேசைக்குத் திரும்பினாள். கூப்பிட்டேன்.

"வேலை இருக்கு சார்" என்றாள்.