கொரியாக்காரன் சொன்ன ஏலே

பாலவனத்தம் தாண்டி பஸ் நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. முன்னால் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. போனில் ஒரு கொரிய ரவுடிப் படம். தலைவன் ஒருவனைக் குத்தப் போகிறான். அந்த ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையாள் வாய்தவறி மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை விட்டுவிடுகிறான். கத்தி அந்தரத்தில் நிற்கிறது. கையாளோ தலைவனைவிட வயதில் மூத்தவன். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று இரண்டு பேரும் சண்டைக்கு நிற்க, குத்துப்பட வேண்டியவன் நடுவில் நின்று நியாயம் பேசுகிறான். அவன் சொன்ன நியாயம் இருவருக்கும் பிடித்துப்போகிறது. சமாதானமாகி, அவனைக் குத்திவிடுகிறார்கள்.

பஸ்ஸுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் கீழே ஓடிய தமிழ் வரிகளில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் எவன் எல்லோரையும் 'நீ' என்கிறான்? எங்களிடம்தான் 'அவுக' இருக்கிறது, 'இவுக' இருக்கிறது, 'ஏலே' இருக்கிறது. கொரியாக்காரன் எழுதிய காட்சிக்கு எங்கள் பேச்சு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். இதை நம் பேச்சில் டப் செய்தால் என்ன? ஆடுகள் கடந்து முடிப்பதற்குள் பாதி வசனம் மனதில் வந்துவிட்டது.

தலைவன் குரலுக்கு யோசிக்கவே இல்லை. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் இருக்கிறான். திருச்சுழி ரோட்டில் வெங்காயம் விற்றுக்கொண்டு போகும் லோடு ஆட்டோவில் ஒலிப்பது அவன் குரல்தான். "வாங்கம்மா, வாங்க" என்பதை அவன் சொன்னால் வெங்காயம் வேண்டாதவர்களும் வாசலுக்கு வருவார்கள். சென்னைக்குப் போய் டப்பிங் பேச வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. அவனும் எங்கள் ஊர்தான். ஆனால் அவன் தெரு கண்மாய்க்கு அந்தப் பக்கம். பஸ்ஸும் அங்கே தனியாக ஒரு தரம் நிற்கும். பள்ளியில் நாங்கள் ஒருவரையொருவர் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவோம். என் தெருவுக்கு வந்தால் மட்டும் அவன் என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிட மாட்டான். வாசலில் நின்று இருமுவான். எனக்கு எரிச்சலாக வரும். இந்த இருமலுக்கு நோட்டீஸ் அடித்து ஒட்டட்டுமா என்று கேட்டால் சிரிப்பான்.

கையாளுக்குக் குரல் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அண்ணனுடைய காரைக் கண்மாய்க்கரையில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இரைச்சல் கேட்கும் என்று ஏசியையும் அணைத்துவிட்டுப் பதிவுசெய்தோம். வேர்வையில் சட்டை ஒட்டியது. நான் எழுதிக் கொடுத்ததை நண்பன் ஓரமாக வைத்துவிட்டு அவனாகவே பேசினான்.

"ஏலே, ஒன்னய ஆளத்தான புடிக்கச் சொன்னேன். வாயத் தொறக்கச் சொன்னனா?"

அண்ணன் அடக்க முடியாமல் சிரித்துச் சிரித்து, "இல்லண்ணே, வயசுல நான் மூத்தவன்ணே" என்றான். அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் வைத்துக்கொண்டோம்.

வாட்ஸப்பில் விட்டோம். சாயங்காலத்துக்குள் பாளையம்பட்டி டீக்கடை வரை போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரோ குரலைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம், தினமும் தெருவில் கேட்கும் குரல்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். இது வெங்காயக்காரன் குரல்தானே என்றார். அவன் இவனை ஏலே என்கிறான், இவன் அவனை அண்ணே என்கிறான், இதென்ன கூத்து என்றார். படம் பெரியப்பா, கொரியாவில் எடுத்தது என்றேன்.

"கொரியாக்காரன் கொரியாவுல சொல்லிக்கிறட்டும். இங்கன எதுக்கு?"

படத்தை அழிக்கச் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, நானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன் என்றார். குரலை மட்டும் மாற்றிப் போடச் சொன்னார். நம் பையன் தலைவனாகவும் அவன் கையாளாகவும் பேசிவிட்டால் ஒரு பிரச்சனையும் இல்லையாம். முடியாது என்றேன். சரி, நீ போ என்றார். அவ்வளவு சீக்கிரம் விட்டாரே என்று சந்தோஷமாகப் போனேன்.

மறுநாள் மதியம் நண்பனை ஊர் நிழற்குடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சொல்லியனுப்பியவர் லோடு ஆட்டோவின் முதலாளி, எங்கள் சொந்தக்காரர். அதனால் அவன் வராமல் இருக்க முடியாது. தகவல் தெரிந்து நான் ஓடிப் போனபோது பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவன் நின்றுகொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். நான் கத்தினேன். படித்த திமிர் என்று என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். சாதி என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கவே இல்லை. 'முறை' என்றார்கள்.

போனை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கப் போட்டுப் பிடிப்பதா என்று பெரியப்பாவுக்கும் முதலாளிக்கும் வாக்குவாதம் வந்தது. முதல் தடவை பேசி முடிக்கும்போது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை என்றார்கள். அதில் 'ஐயா' சரியாக விழவில்லை என்று மறுபடியும் பேசச் சொன்னார்கள். நடுவில் டீ வந்தது. அவனுக்கும் ஒரு கப் நீட்டி, "குடிப்பா, தொண்ட காஞ்சிருக்கும்" என்றார் பெரியப்பா. நிஜமான கரிசனம்தான் அது.

நண்பன் டீயைக் குடித்துவிட்டு, "போன இன்னுங் கொஞ்சம் கிட்ட வைங்கய்யா. காத்து அடிக்குது, கொரலு தெளிவா விழுகாது" என்றான்.

கிட்டே வைத்தார்கள். "தெரியாம பேசிட்டேங்கய்யா, மன்னிச்சிருங்க" என்றான். தெளிவாக விழுந்தது.

கொரியப் படத்தைப் பார்த்துச் சிரித்தபோது அதை நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். குத்துப்படுகிறவன் நியாயம் சொன்னது ஏன் என்று நிழற்குடையில்தான் புரிந்தது. அவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது அங்கே?

நாங்கள் டப் செய்ததைவிட அந்த வீடியோ அதிக தூரம் போனது. லோடு ஆட்டோவில் இப்போது ஏதோ மெஷின் குரல் வெங்காயம் விற்கிறது. நண்பன் நரிக்குடியில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், அதையும் மெதுவாக. சென்னைப் பேச்சை எடுத்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவன் இனி மைக் முன்னால் வருவானா என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு யோசனை இல்லை.

எனவே நிழற்குடையை அப்படியே ஒரு காட்சியாக எழுதினேன். ஹாரன், டீ, போனைப் பிடிக்கும் சண்டை எல்லாம் உண்டு. இந்தத் தடவை கொரியாக்காரன் முகம் வேண்டாம், எங்கள் முகத்தை வைத்தே எடுக்கலாம் என்று போன வாரம் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூட்டைமேல் உட்கார்ந்து படித்தான். டீ வரும் இடத்தில் லேசாகச் சிரித்தான். படித்து முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினான்.

"மன்னிப்புக் கேக்குற ஆளா நான் பேச மாட்டேன்" என்றான். "அது நீ பேசு. ஒங்க பெரியப்பாவா நான் பேசுறேன்."

சரி என்றேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியைச் சொல்லிப் பார்க்கிறேன். 'ஐயா' வரும் இடத்தில் என் குரல் தானாகவே நக்கலாகிவிடுகிறது. யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழகாத வாய். ஞாயிற்றுக்கிழமை நரிக்குடிக்குப் போகிறேன். அவன் உட்கார்ந்திருப்பான், நான் நிற்க வேண்டும். அவனுக்குச் சரி என்று படும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.